மகளின் தோளுக்கு அளவான துப்பாக்கி: ஒரு பெருங்கடையில் பார்த்ததும் கேட்டதும்

மினசோட்டாவில் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, "நானும் ட்ராப் டீமில் சேரட்டுமா?" என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்காக. ட்ராப் என்றால் பறக்கும் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு. வேட்டை, மீன்பிடி, முகாம் சாமான்கள் விற்கும் பெருங்கடை ஒன்றின் துப்பாக்கிப் பிரிவைப் போன சனிக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கடையின் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் நல்லதோடு ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இங்கே உயர்நிலைப் பள்ளிகளுக்கு இடையே கிளே டார்கெட் லீக் என்ற ட்ராப் போட்டி நடக்கிறது. பறக்கும் ஆரஞ்சுத் தட்டுகளை ஷாட்கனால், அதாவது சின்ன ரவைகளைச் சிதறவிடும் நீளத் துப்பாக்கியால், சுட்டு உடைக்க வேண்டும். தட்டு கிளம்பும் இடத்துக்கு 16 கெஜம் பின்னால் ஐந்து நிலைகள், நிலைக்கு ஐந்து தட்டு, ஆக ஒரு சுற்றுக்கு 25. பள்ளிக்குள் துப்பாக்கி வராது. பயிற்சி எல்லாம் ஊருக்கு வெளியே உள்ள கிளப் மைதானத்தில்தான். துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்காமல் யாரும் அணியில் நிற்க முடியாது. அதை அவள் முடித்துவிட்டாள். அடுத்த கேள்வி, எந்தத் துப்பாக்கி?

நான் வளர்ந்த வீட்டில் துப்பாக்கி என்றால் வங்கி வாசல் காவலாளியின் தோளில் தொங்குவது மட்டும்தான். அதனால் எனக்குப் பயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்துகொண்டு பயப்படலாம் என்றுதான் கிளம்பினேன்.

இந்த வகைக் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கபேலாஸ் 1961-இல் நெப்ராஸ்காவில், மீன்பிடித் தூண்டிலுக்கான செயற்கை ஈக்களைத் தபாலில் விற்றுத் தொடங்கியது. பாஸ் ப்ரோவை ஜானி மாரிஸ் 1972-இல் மிசௌரியின் ஸ்ப்ரிங்ஃபீல்டில், தன் அப்பாவின் மதுக்கடையில் கொஞ்சம் இடம் பிடித்துத் தொடங்கினார். 2017-இல் கபேலாஸை பாஸ் ப்ரோ வாங்கிவிட்டது. இரண்டுக்கும் ஆரம்பம் தூண்டில்தான். ஆனால் இன்று இந்த மாதிரிக் கடைக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது செயற்கை மலை, அதில் பாடம் செய்யப்பட்ட எல்க், மூஸ் என்ற பெரிய மான்கள், கரடி, பக்கத்திலேயே பெரிய மீன் தொட்டி. என் கணவர் அந்தத் தொட்டி முன்னால் நின்றுவிட்டார். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும், அவ்வளவுதான்.

வாசலில் ஒன்று எனக்குப் பிடித்தது. சொந்தத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ விற்கவோ கொண்டுவருபவர்கள் நுழையும்போதே அதைக் காட்ட வேண்டும். தோட்டா இல்லை என்று ஊழியர் திறந்து பார்த்து, பூட்டுப் போட்ட பிறகுதான் உள்ளே விடுகிறார்.

துப்பாக்கிப் பிரிவு கடையின் பின்பக்கம். கவுண்டருக்குப் பின்னால் சுவர் முழுக்க ரைஃபிளும் ஷாட்கன்னும் வரிசையாக நிற்கின்றன. கைத்துப்பாக்கிகள் கண்ணாடிப் பெட்டிக்குள். ஒரு ஓரத்தில் பழைய துப்பாக்கிகளுக்குத் தனி அடுக்கு, கம்பி வடம் கோத்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். டோக்கன் எடுத்துக் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் என்பதால் நல்ல கூட்டம்.

முதலில் வந்த இளைஞர் என் கணவரைப் பார்த்தே பேசினார். வீட்டுப் பாதுகாப்புக்கா என்று கேட்டு, கைத்துப்பாக்கிப் பெட்டிப் பக்கம் அழைத்துப் போகப் பார்த்தார். இல்லை, மகளின் ட்ராப் அணிக்கு என்று நான் சொன்னேன். அதற்கும் பதில் என் கணவரிடம்தான் போனது. இது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்பது நான், சுடப்போவது அவள். நல்ல வேளையாக அவரே, "ட்ராப் என்றால் அவரைக் கேளுங்கள்" என்று ஒரு பெரியவரைக் கைகாட்டினார். இரண்டு காதிலும் காதுக்கருவி, சட்டைப் பையில் தையல்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடா. இந்தக் கடைக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பதென்றால் முக்கால்வாசி அந்த மனிதருக்காகத்தான்.

அவர் துப்பாக்கியை எடுக்கவே இல்லை. மகளிடம் நேராகப் பேசினார். எந்தக் கையால் எழுதுவாய்? வலது. சரி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டு, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை வை, இரண்டு கண்ணையும் திறந்து அந்த ஓட்டை வழியாக அந்த எல்க்கின் கண்ணைப் பார். பார்த்தாள். இப்போது இடது கண்ணை மூடு.

"அம்மா, மானைக் காணோம்!"

வலது கண்ணை மூடச் சொன்னார். எல்க் அப்படியே நின்றது. வலது கைப் பழக்கம், ஆனால் இடது கண்தான் அவளுக்கு ஆளும் கண். ஷாட்கன்னில் ரைஃபிள் மாதிரி நிதானமாகக் குறி வைக்க நேரமில்லை. தட்டு மணிக்கு 40 மைலுக்கு மேல் பறந்து விலகிப் போய்க்கொண்டிருக்கும். இரண்டு கண்ணையும் திறந்து தட்டைப் பார்க்க வேண்டும், குழல் தானாகக் கண் போகும் திசையில் போக வேண்டும். வலது தோளில் துப்பாக்கி, இடது கண் ஆட்சி என்றால், தட்டு ஒரு பக்கம், ரவை ஒரு பக்கம். ஒன்று, இடது தோளுக்கு மாற வேண்டும். அல்லது கண்ணாடியின் இடது வில்லையில் சின்ன ஒட்டு ஒட்டி அந்தக் கண்ணின் பார்வையை மறைக்க வேண்டும். இப்போதுதான் தொடங்குகிறாள் என்பதால் தோளை மாற்றிப் பார்க்கலாம் என்றார் பெரியவர். இது தெரியாமல் ஆயிரம் டாலர் போட்டு எதையாவது வாங்கியிருந்தால் பிள்ளை, "எனக்கு இது வராது" என்று மூலையில் உட்கார்ந்திருக்கும்.

அதன் பிறகுதான் துப்பாக்கிகள் வெளியே வந்தன. முதலில் மாஸ்பெர்க் 500, சிறுவர் அளவு, 20 கேஜ். எடுத்தவர் குழலை மேலே நிமிர்த்தி, குழலுக்கு அடியில் உள்ள கைப்பிடியை (பம்ப்) பின்னால் இழுத்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்தார், சுண்டுவிரலை உள்ளே விட்டும் பார்த்தார். திறந்தபடியே மகளிடம் நீட்டினார். அவள் வாங்கித் தோளில் வைக்கப்போனாள். கையைக் காட்டி நிறுத்தினார். "நான் பார்த்தது எனக்கு. நீ பார்." அவளும் அதே மாதிரி பார்த்து, விரல் விட்டுத் தடவி, காலி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தோளுக்குப் போனது. திருப்பிக் கொடுக்கும்போதும் அதே சடங்கு. அடுத்த துப்பாக்கிக்கும் அதே. ஒரு முறைகூட அவர் அதைத் தவிர்க்கவில்லை. மகளும் நாலாவது துப்பாக்கிக்கு வரும்போது யாரும் சொல்லாமலே செய்தாள். விரல் ட்ரிகர் பக்கமே போகாமல் வெளியே நீட்டியிருந்தது. வகுப்பில் படித்தது கைக்கு வந்ததை நான் அங்கே பார்த்தேன்.

கேஜ் கணக்கையும் அவர்தான் விளக்கினார். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 கேஜ் குழலின் உள் விட்டம். இருபதாக உருட்டினால் 20 கேஜ். அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது. 20 கேஜ் என்றால் உதைக்காது என்று நினைக்கக் கூடாதாம். சிறுவர் துப்பாக்கி எடை குறைவு, எடை குறைந்தால் உதை தோளுக்கு அப்படியே வரும். கனமான 12 கேஜ் துப்பாக்கியில் லேசான தோட்டா போட்டுச் சுட்டால் அது இதைவிட மென்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கனத்தை 25 முறை தூக்கிப் பிடிக்கப் பிள்ளைக்குத் தெம்பு வேண்டும். வாயு அழுத்தத்தில் தானாக இயங்கும் செமி-ஆட்டோ வகையில் உதை இன்னும் குறையும், விலை ஏறும்.

பிரவுனிங் பிடி-99 ஒன்றையும் எடுத்துக் காட்டினார். ட்ராப்புக்கென்றே செய்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, நடுவில் மடித்துத் திறப்பது. மடித்தால் காலியா இல்லையா என்று மைதானத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. இடது தோளுக்கும் தொந்தரவில்லை. ஆனால் விலை 1,500 டாலருக்கு மேல், எடையும் அதிகம். மகள் தூக்கியதும் முதுகு பின்னால் வளைந்துவிட்டது. அதைப் பார்த்த உடனே பெரியவர் வாங்கித் திரும்ப வைத்துவிட்டார். விலை கூடிய பொருளை விற்கப் பார்க்காமல் அவர் அப்படி வைத்தது எனக்குப் பெரிய விஷயம். ரெமிங்டன் 870-இன் பாதுகாப்புப் பொத்தான் ட்ரிகருக்குப் பின்னால் குறுக்கே இருக்கிறது, வலது கைக்காரர்களுக்கு வசதி. மாஸ்பெர்க்கில் அது மேலே நடுவில், எந்தக் கைக்கும் எட்டும். ஸ்டாக்கின், அதாவது தோளில் பதியும் பின்கட்டையின், நீளமும் முக்கியம். பெரியவர்களுக்கானது சுமார் 14 அங்குலம் இருக்கும். அவளுக்கு நாடா வைத்து அளந்து, பன்னிரண்டரை போதும், வளர வளர இடையில் துண்டு வைத்து நீட்டிக்கொள்ளலாம் என்றார்.

இப்போது குறை. பக்கத்தில் நின்ற ஒருவர் ஸ்கோப் பொருத்திய ரைஃபிளை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை ஸ்கோப்பில் வைத்தபடி அப்படியே கடையைச் சுற்றிக் குழலைத் திருப்பினார். அது என் மகளின் நெஞ்சுக்கு நேராகக் கடந்து போனது. காலித் துப்பாக்கிதான், எனக்கும் தெரியும். ஆனாலும் எல்லாத் துப்பாக்கியும் தோட்டா போட்டதாகவே நினைக்க வேண்டும் என்பதுதான் அவள் வகுப்பில் படித்த முதல் விதி. நம் பெரியவர் கவுண்டருக்கு மேலே எட்டிக் குழலைப் பிடித்து உயர்த்தி, "மேலே, சார்" என்றார். அவருக்குத் துப்பாக்கி கொடுத்த இளைஞரோ அப்போது கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கூட்டமான நாளில் இதை ஒரு பெரியவரின் கண்ணை நம்பி விடக் கூடாது. குழலை எங்கே காட்டலாம், எங்கே காட்டக் கூடாது என்று கவுண்டரில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? வெளியே வரும்போது மேலாளரிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

நாங்கள் அன்று வாங்கவில்லை. வாங்குவதானால் நடைமுறை இது. துப்பாக்கியை வாங்குபவர் நானோ கணவரோதான், உரிமம் பெற்ற கடை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நீளத் துப்பாக்கி விற்க முடியாது. 4473 என்ற ஃபெடரல் படிவத்தை நிரப்ப வேண்டும். எஃப்பிஐ-யின் பின்னணிச் சோதனை நடக்கும், 1998 முதல் இருக்கும் முறை. பிள்ளைக்கு நம் பணத்தில் பரிசாக வாங்கிக் கொடுக்கலாம். வேறொருவர் பணம் கொடுத்து அவருக்காக நாம் வாங்கிக் கொடுத்தால் அது குற்றம். கைத்துப்பாக்கிக்கு மினசோட்டாவில் முன்கூட்டியே காவல் துறையிடம் பர்மிட் வேண்டும், அது நமக்குத் தேவைப்படவில்லை.

நம் ஆட்கள் ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் ஃபெடரல் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு உண்டு என்பது மாதிரி சில விதிவிலக்குகள் இருக்கின்றன. க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருக்கும் குடும்பம் என்றால் பிள்ளையை அணியில் சேர்க்கும் முன்பே குடியேற்ற வக்கீலிடம் பேசிவிடுங்கள். விளையாட்டுக்காக விசாவைச் சிக்கலில் மாட்ட வேண்டாம்.

துப்பாக்கிப் பெட்டகங்களையும் பார்த்தோம். பிள்ளைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமாக வைப்பது மினசோட்டாவில் குற்றம். எங்கள் முடிவு, பெட்டகம் வீட்டுக்கு வந்து தரையோடு போல்ட் போட்ட பிறகுதான் துப்பாக்கி வரும். தோட்டா வேறு அறையில், வேறு பூட்டு. அதில் என் கணவருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

தோட்டா அலமாரியில் 25 கொண்ட பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. போட்டிப் பருவத்தில் வாரம் 50 தட்டு, பயிற்சி தனி. ஆகவே துப்பாக்கி விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள். அந்த விலையில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது: 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள், ஷாட்கன், தோட்டா எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளர் கட்டும் 11 சதவீத வரி. அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் மாநிலங்களுக்குப் போகிறது. இது தெரிந்த பிறகு அந்தச் செயற்கை மலை எனக்கு வெறும் அலங்காரமாகப் படவில்லை.

கிளப்பில் இரவல் 20 கேஜ் இருக்கிறதாம். சில வாரம் இடது தோளில் அதை வைத்துச் சுட்டுப் பார்க்கட்டும் என்று பயிற்சியாளரும் சொல்லிவிட்டார். பழகிவிட்டால் அந்த மாஸ்பெர்க், ஐநூறு டாலருக்குள் முடிந்துவிடும். நீங்கள் போவதானால் வார நாளில் காலையில் போங்கள். நவம்பர் மான் வேட்டைப் பருவத்துக்கு முந்தைய வாரங்களில் போகவே போகாதீர்கள், யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. சுடும்போது போடும் கண்ணாடியையும், மைதானத்தில் போடும் அதே தடிமனான சட்டையையும் பிள்ளைக்குப் போட்டுக் கூட்டிப் போங்கள், ஸ்டாக் அளவு சட்டையின் தடிமனில்கூட மாறும். கவுண்டரில், "ட்ராப் சுடுபவர் யாராவது இருக்கிறாரா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், நன்றி சொல்லிவிட்டு இன்னொரு நாள் வாருங்கள்.