ஏர் ரைபிள் வாங்குகிறவர்கள் பேரலின் அளவைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

திருச்சியில் கடை வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி டெல்டா முழுக்க ஏர் ரைபிள் (காற்றின் அழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) விற்கிறார் ஒருவர். பேரலின் (குண்டு வெளியேறும் குழாய்) உள்விட்டம் 4.5 மில்லிமீட்டர் என்று சொல்லி 5.5 மில்லிமீட்டர் ரைபிளை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கவே கூடாத ஓர் ஆயுதத்தை எங்கள் வீட்டுக்குள் அனுப்பிவிட்டார் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை பக்கம் இன்னும் சிலர் அவரிடம் வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வார இறுதியில் தஞ்சாவூருக்குப் போய் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி எடுக்கிறாள். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர்தான். பேனா முனையால் வைத்த புள்ளி போல இருக்கும். பெரிய போட்டிகளில் அழுத்தக் காற்று அடைத்த ரைபிள்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவை லட்சங்களில் விலை. "இப்பவே அதெல்லாம் வேண்டாம் சார், ஓப்பன் சைட் வச்ச ஒரு நல்ல ஸ்பிரிங் ரைபிள் இருந்தா வீட்டுலயும் பழகலாம்" என்று அவளுடைய கோச் சொன்னார். ஓப்பன் சைட் என்றால் லென்ஸ் இல்லாமல் குறி பார்க்கும் அமைப்பு; ஸ்பிரிங் ரைபிள் என்றால் அமுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டுக் காற்றைத் தள்ளிச் சுடும் வகை. தாய்மாமன் நான் இருக்கும்போது வேறு யார் வாங்கித் தருவது?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பேரலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு (கடைக்காரர்கள் '.177' என்பார்கள்) மிகாமலும், பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு (ஆற்றலை அளக்கும் அலகு) மிகாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. இந்த இரண்டில் எது தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். 5.5 மில்லிமீட்டர் (அதாவது '.22') என்றால் அது எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் லைசென்ஸ் கட்டாயம். இது எனக்குத் தெரியும். அதனால் போனில் பேசும்போது முதல் கேள்வியாகவே இதைக் கேட்டேன். "4.5தான் சார், லைசென்ஸே வேண்டாம், நூறு பேருக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படத்திலும் பெட்டியின் மேல் 4.5 என்றுதான் ஒட்டியிருந்தது.

நான் கேட்டது அண்டர் லீவர் வகை. பிரேக் பேரல் ரைபிளில் பேரலையே நடுவில் மடித்து ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். அண்டர் லீவரில் பேரல் அசையாது. அதன் அடியில் இருக்கும் தனிக் கம்பியை இழுத்து ஏற்றலாம். பேரல் அசையாததால், மடிக்கும் மூட்டு தேய்ந்து குறி நகரும் என்ற பயம் இல்லை. அவர் இதையும் தன் வியாபாரத்துக்கு வளைத்துக்கொண்டார். "இது லீவர் ரைபிள் சார், அமெரிக்காக்காரன் மான் அடிக்கிறதும் இதேதான்" என்றார். அது பச்சைப் பொய். வின்செஸ்டர் 1894 மாதிரியான அமெரிக்க லீவர் ரைபிள்களில் லீவரைக் கீழே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா குழாயிலிருந்து மேலே ஏறும். வெடிமருந்துத் துப்பாக்கி அது. இங்கே லீவர் செய்வது ஸ்பிரிங்கை அமுக்கும் வேலை மட்டும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர் ஒன்று தொழில் தெரியாதவர், இல்லையென்றால் தெரிந்தே கதை விடுகிறவர்.

18,500 ரூபாய். கடைப் பெயரில் இல்லாத ஒரு நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னார். பில் பார்சலோடு வரும் என்றார். வந்ததோ வெள்ளைத் தாளில் எழுதிய எஸ்டிமேட் சீட்டு. 'ஏர் கன் 1' என்பதைத் தவிர அதில் மாடல், சீரியல் நம்பர், விட்டம் எதுவும் இல்லை. ஓப்பன் சைட் கேட்டிருந்தோம். பின்பக்க சைட்டைக் கழற்றிவிட்டு, "இலவசம்" என்று ஒரு ஸ்கோப்பை (தொலைநோக்கி மாதிரி குறி பார்க்கும் குழாய்) மாட்டி அனுப்பியிருந்தார். ஸ்பிரிங் ரைபிள் பின்னாலும் முன்னாலுமாக இரண்டு முறை உதைக்கும், அதைத் தாங்குகிற மாதிரி செய்யாத ஸ்கோப் சீக்கிரமே கலகலத்துவிடும். கூடவே லேபிள் கிழித்த ஒரு டப்பாவில் பெல்லட்.

வீட்டில் யாரும் சுடவில்லை. ரைபிளை அப்படியே கோச்சிடம் எடுத்துப் போனோம். அவர் தன்னுடைய டப்பாவிலிருந்து ஒரு 4.5 பெல்லட்டை எடுத்து பேரல் வாயில் வைத்தார். அந்த அளவு பேரலாக இருந்தால் பெல்லட்டின் பாவாடைப் பகுதி (விரிந்த பின்பகுதி) இறுகி நிற்கும், குச்சியால் அழுத்தித்தான் தள்ள வேண்டும். இது கடகடவென்று உருண்டு அந்தப் பக்கம் விழுந்தது. பிறகு வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார், 5.5 மில்லிமீட்டர். பேரலில் அளவு பொறித்திருக்க வேண்டிய இடத்தை அரம் போட்டுத் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்ததையும் அவர்தான் காட்டினார். யாரோ பயன்படுத்திய பழைய ரைபிளுக்குப் புதுப் பெட்டி போட்டிருக்கிறார்கள்.

அடுத்து அவர் காட்டியதைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பே நடுங்கியது. அண்டர் லீவரில் ஸ்பிரிங்கை ஏற்றியதும் உள்ளே ஓர் உருளை பின்னால் நகர்ந்து சின்ன வாசல் திறக்கும். அதற்குள் விரலை விட்டுத்தான் பெல்லட்டை வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பிடி நழுவினால் உருளை முழு வேகத்தில் முன்னால் பாய்ந்து விரலை நறுக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் பல் சக்கரம் மாதிரி ஒரு பாதுகாப்பு அமைப்பு வைத்திருப்பார்கள். லீவரை இழுக்கும்போது 'டிக் டிக் டிக்' என்று கேட்குமே, அதுதான். எங்களுக்கு வந்த ரைபிளில் அந்தச் சத்தமே இல்லை. அந்தப் பாகத்தைக் கழற்றியிருந்தார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். அதைத் தெரிந்துகொண்டே கடைக்காரர் அனுப்பியிருக்கிறார்.

ஆகவே அண்டர் லீவர் வாங்குகிறவர்கள் அந்தச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். ஏற்றிய பிறகு லீவரிலிருந்து ஒரு கையை எடுக்காமல்தான் பெல்லட் வைக்க வேண்டும். எடையும் கவனிக்க வேண்டிய விஷயம். இந்த வகை பெரும்பாலும் கனமாகத்தான் இருக்கும், சின்னப் பிள்ளைகளின் தோளுக்குச் சிரமம். பிள்ளைகள் பழக நன்றாகச் செய்த பிரேக் பேரலே போதும், 10 மீட்டர் தூரத்துக்கு மூட்டுத் தேய்மானம் பெரிய பிரச்சினை இல்லை என்பது கோச்சின் கருத்து. அந்த ரைபிளைக் கையில் பிடித்துப் பார்த்தபின் நானும் அதைத்தான் சொல்வேன்.

வேகத்தைச் சொல்லி விற்பதையும் நம்பாதீர்கள். "ஆயிரம் அடி வேகம்" (அதாவது வினாடிக்கு ஆயிரம் அடி) என்று கடைக்காரர் பெருமையடித்தார். அரை கிராமுக்குச் சற்றே கூடுதலான, 0.53 கிராம் எடையுள்ள சாதாரணப் பெல்லட் அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 24 ஜூலைத் தாண்டிவிடும். அப்போது 4.5 பேரலாகவே இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். இலேசான பெல்லட்டை வைத்து அளந்த வேகத்தைப் பெட்டியில் போட்டிருந்தால் அது வேறு கணக்கு. ஜூல் எவ்வளவு என்று கேளுங்கள். 10 மீட்டர் போட்டி ரைபிளுக்கே ஏழெட்டு ஜூல்தான்.

போனில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொன்று, "அறுப்பு முடிஞ்சா வயல்ல கொக்கு, மடையான், மயில் எல்லாம் அடிக்கலாம் சார்". நம் ஊர்க்காரர்களைக் கெடுப்பது இந்தப் பேச்சுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்த வேட்டை குற்றம். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது மூன்று வருடச் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் சரணாலயங்கள், 2022இல் ராம்சர் பட்டியலிலும் (உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியல்) சேர்ந்தவை. அங்கே கூடு கட்டும் பறவைகள்தான் நம் வயலில் இறங்கி மேய்கின்றன. வயலில் எலித் தொல்லை என்றால் கிட்டி வைக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அதற்குத் துப்பாக்கி வேண்டாம்.

கடைக்காரருக்குப் போன் செய்தால் முதலில், "நீங்கதான் சார் 5.5 கேட்டீங்க" என்றார். வாட்ஸ்அப் படத்தை அவருக்கே திருப்பி அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார். வக்கீலிடம் கேட்டோம். ரைபிளை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது, வேறு யாருக்கும் விற்கவும் கூடாது, பார்சலில் திருப்பி அனுப்புவதும் சிக்கல் என்றார். நடந்ததை எழுதிக் கொடுத்து காவல் நிலையத்தில் ஒப்படைத்து, அதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொண்டோம். இதே நிலைமையில் இருப்பவர்கள் பயந்துகொண்டு பரணில் ஒளித்து வைக்காதீர்கள், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே கடையில் ஒரே மாதிரி ஏமாந்தவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் வழக்குப் போடலாம், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. வெள்ளைத் தாள் எஸ்டிமேட்டில் திருச்சியிலிருந்து ரைபிள் வாங்கியவர்கள் உங்கள் பேரலை ஒரு 4.5 பெல்லட் வைத்துப் பாருங்கள். உருண்டு விழுந்தால் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் பத்திரப்படுத்திவிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். மனு போவதற்குள் உங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.