வீட்டில் ரைட் செய்த டிவிடி ஓடவில்லையா? மைனஸா, பிளஸ்ஸா, ஆர்டபிள்யூவா?

கணினியில் ஜம்மென்று ஓடும் டிவிடியை டிவியோடு இருக்கும் பிளேயரில் போட்டால் ‘நோ டிஸ்க்’ என்று காட்டும். நாமும் உடனே டிஸ்க்கைத்தான் திட்டுவோம். நான் அப்படித்தான் பிராண்டை மாற்றி மாற்றி ஒரு கட்டு டிஸ்க்கை வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால், எம்பி4 கோப்பை அப்படியே இழுத்துப் போட்டு ரைட் செய்திருக்கிறேன்!

எனவே டிஸ்க் வகைக்குப் போகும் முன், இருப்பது டேட்டா டிஸ்க்கா வீடியோ டிஸ்க்கா என்று பாருங்கள். கணினியில் திறந்தால் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டரும், அதற்குள் ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி கோப்புகளும் இருந்தால் அது வீடியோ டிஸ்க். விஓபி ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் துண்டாகக் கிடக்கும். படம் உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அமைப்பே அதுதான். வெறும் எம்பி4 மட்டும் இருந்தால் பழைய பிளேயருக்கு ஒன்றும் புரியாது. கோப்பின் பெயரை மாற்றினாலும் பயனில்லை. ஆதரிங் மென்பொருளில் (வீடியோ டிஸ்க் அமைப்பை உருவாக்கும் மென்பொருள்) போட்டு, டிவிடி பிளேயருக்குப் புரியும் எம்பெக்-2 வடிவமாக ஆக்கத்தான் வேண்டும். அப்போது பிட்ரேட்டையும், அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பதையும் கவனியுங்கள். வீடியோவுக்கு உச்ச வரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட். அதை ஒட்டி வைத்தால் வேகமான காட்சிகளில் சில பிளேயர்கள் திணறும். 6 மெகாபிட்டில் வைத்தால் 4.7 ஜிபி டிஸ்க்கில் ஏறத்தாழ 100 நிமிடம் பிடிக்கும். எனக்கு அதுவே போதும்.

சரி, இனி டிஸ்க். ஆர்டபிள்யூவை அழித்து அழித்து எழுதலாம் என்பது கவர்ச்சிதான். ஆனால் லேசர் ஒளியில் அது திருப்பி அனுப்புவது 18 முதல் 30 சதவீதம்தான். ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய ஆர் டிஸ்க்கில், ஒரு லேயர் என்றால், 45 சதவீதத்துக்கு மேல். பழைய பிளேயர் தடுமாறுவது இதனால்தான். ஆர்டபிள்யூவில் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டு, கடைசிப் பிரதியை ஆர் டிஸ்க்கில் எடுப்பது என் வழக்கம்.

ஆர் டிஸ்க்கிலேயே இரண்டு வகை: மைனஸ் ஆர் (டிவிடி-ஆர்) 1997இல் வந்தது, பிளஸ் ஆர் (டிவிடி+ஆர்) 2002இல். அதற்கு முந்தைய பிளேயர் என்றால் மைனஸ்தான் பாதுகாப்பு. ஆனால் பிளஸ்ஸிடம் ஒரு வித்தை உண்டு: சில ரைட்டர்களில் ‘புக் டைப்’பை, அதாவது இது என்ன வகை டிஸ்க் என்று டிஸ்க்கிலேயே இருக்கும் குறிப்பை, டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதலாம். பிளேயர் அதைக் கம்பெனி டிஸ்க் என்றே நம்பிவிடும். உங்கள் ரைட்டரில் அந்த வசதி இருந்தால் பிளஸ், இல்லையென்றால் மைனஸ். புதிய பிளேயர்களுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை.

எழுதும் வேகத்தில் 16எக்ஸ்ஸை (16 மடங்கு வேகம்) விட எனக்கு 8எக்ஸ்தான் பிடிக்கும். மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடம், அதற்காக ஏன் ரிஸ்க்? அதற்காக ரொம்பக் குறைத்தால் இன்னும் நன்றாக வரும் என்றும் இல்லை. வேகமான எழுத்துக்கென்று செய்த டிஸ்க் 2எக்ஸ்ஸில் சொதப்பலாம்.

அப்புறம், எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. கடைசி இருபது நிமிடத்தில் மட்டும் திக்கினால் வெளி ஓரம்தான் சிக்கல்: விளிம்பு வரை நிரப்பியிருப்பீர்கள், அல்லது மேலே காகித லேபிள் ஒட்டியிருப்பீர்கள். லேபிள் சற்றுக் கோணலாக இருந்தாலே டிஸ்க் சுழலும்போது ஆட்டம் கொடுக்கும். எத்தனை பிரதி எடுத்தாலும் ஒரே காட்சியில் நின்றால் மூலக் கோப்பைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் பிளேயரின் லென்ஸைத் துடைக்க வேண்டிய நேரம். எழுதிய கருவியில் மட்டும் ஓடி மற்றதில் ‘நோ டிஸ்க்’ என்றால் ஃபைனலைஸ் செய்ய, அதாவது மற்ற பிளேயர்களும் படிக்கும்படி டிஸ்க்கை முடித்து மூட மறந்திருக்கலாம். அதே கருவியில் போட்டு இப்போதும் முடித்துவிடலாம்.

டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்து கீறல் விழுந்தால், அது எழுத்து ஓடும் தடத்தோடே நீண்டு போகும். பிழை திருத்தத்தால் அவ்வளவையும் சரிக்கட்ட முடியாது. கணினி இன்னும் படிக்கிறது என்றால் அந்த ‘வீடியோ_டிஎஸ்’ ஃபோல்டரை இன்றே ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவைத்து, புது மைனஸ் ஆரில் 8எக்ஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.