கொலோன் கார்னிவலுக்குப் பிள்ளைகளோடு: ஞாயிறா, திங்களா, செவ்வாயா?

தை முடியும் நேரத்தில் ஜெர்மனியின் கொலோனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "கார்னிவலுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள்?" வேஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் பார்த்து, அங்கே வீசுகிற இனிப்பைப் பொறுக்குகிற திருவிழா இது. வருகிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். திங்கட்கிழமை நகர மையத்தில் நடக்கும் ரோசன்மோன்டாக் ஊர்வலம். தொலைக்காட்சியில் நேரலையாக வருவது அது. இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களும் கேள்விப்பட்டிருப்பது அதன் பெயரைத்தான்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடு என்றால், நான் திங்களைக் கடைசியில்தான் வைப்பேன். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஞாயிறு. அதைவிடச் சின்னவர்களுக்குச் செவ்வாய். கூட்டம் கூடுதலா குறைவா என்பது இதில் பாதிக் கணக்குதான். ஊர்வலத்தில் போகிறவர்களின் கண்ணில் உங்கள் பிள்ளை படுகிறதா என்பது மீதிப் பாதி. அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நாட்களைச் சொல்லிவிடுகிறேன். ரோசன்மோன்டாக் எப்போதும் ஈஸ்டர் ஞாயிறுக்கு 48 நாள் முன்பு வரும். 2027இல் அது பிப்ரவரி 8. அதற்கு முந்தைய வியாழன் பெண்கள் கார்னிவல். காலையிலேயே குடி தொடங்கிவிடும் நாள் அது. மழலையர் பள்ளியில் வேஷம் போட்டு ஆடிவிட்டு வருவதோடு பிள்ளைகளுக்குப் போதும். ஞாயிறு 7ஆம் தேதி பள்ளிகளும் பேட்டைக் குழுக்களும் நடக்கும் ஊர்வலம். 9ஆம் தேதி செவ்வாய், அந்தந்தப் பேட்டையின் சொந்த ஊர்வலம்.

திங்களின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1823இல் தொடங்கியது. 2023இல் 200ஆம் ஆண்டு என்பதால் முதல்முறையாக ரைன் ஆற்றின் மறுகரையில், டாய்ட்ஸில் புறப்பட்டுப் பாலம் கடந்து வந்தது. ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் பாதை, சுமார் 300 டன் இனிப்பு, பார்க்க வருகிறவர்கள் பத்து லட்சம் வரை. சிவப்பு, நீலச் சீருடையில் பழங்காலப் படைவீரர்களாக அணிவகுக்கும் ஃபுங்கன் குழுக்கள், குதிரைகள், பித்தளை வாத்தியக் குழுக்கள், அரசியல்வாதிகளைக் கேலி செய்யும் பெரிய பொம்மைகள். கடைசியில் அந்த ஆண்டின் மூவர்: இளவரசன், விவசாயி, கன்னி. கன்னி வேடமும் ஓர் ஆணுக்குத்தான். இளவரசனின் வண்டி ஊர்வலத்தின் கடைசியில் வரும். கார்னிவலின் முழு அழகையும் பார்க்க வேண்டுமென்றால் ஒருமுறையாவது இதைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்தில் குனிந்து நின்று பாருங்கள். முன்னால் தெரிவது மற்றவர்களின் இடுப்பும் முதுகுப் பையும்தான். முன்வரிசையில் இடம் வேண்டுமானால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே போய்க் குளிரில் நிற்க வேண்டும். அப்புறம் ஊர்வலம் கடந்து முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் சிறுநீர் வருகிறது என்று பிள்ளை சொன்னால், பிடித்த இடத்தை விட்டுத்தான் போக வேண்டும். எதிர்ப்பக்கம் தெரிந்தவர் வீடு இருந்தாலும் பாதையைக் குறுக்கே கடக்க முடியாது.

இனிப்பும் அப்படித்தான். பெரிய வண்டிகளின் மேல்தளம் தலைக்கு மேல் வெகு உயரத்தில் இருக்கும். அங்கே நிற்பவர்களுக்குக் கீழே தனித்தனி முகம் தெரிவதில்லை, கூட்டம்தான் தெரியும். கை நிறைய அள்ளி வீசுகிறார்கள். சாக்லேட் பெட்டியின் முனை முகத்தில் பட்டால் நன்றாகவே வலிக்கும். குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிக்கும் பெரியவர்களோடு பிள்ளைகள் போட்டி போட வேண்டியிருக்கிறது. தரையில் விழுந்ததை எடுக்கப் பிள்ளை குனியும் அந்த நொடிக்குத்தான் நான் மிகவும் பயப்படுவேன். வண்டிச் சக்கரத்துக்கு அருகிலேயே 'வாகன் எங்கல்' என்ற காவலர்கள் நடந்து வருவார்கள். நம் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காததுபோலக் கவனமாக இருப்பார்கள். இருந்தாலும் பிள்ளையின் கையைப் பிடித்திருக்க வேண்டியவர்கள் நாம்தான். குதிரைகளும் கூட்டத்தில் மிரளும். 2018இல் குதிரை வண்டி ஒன்று கட்டுமீறி ஓடிச் சிலர் காயம்பட்டார்கள்.

தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், திங்களைத்தான் பார்க்க வேண்டும் என்றால் காசு கொடுத்துப் பார்வையாளர் மேடையில் இருக்கை எடுங்கள். நெரிசல் இல்லை, உட்காரலாம், மேடைகளை நோக்கி இனிப்பும் தாராளமாக வரும். சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாமா, தனி டிக்கெட் வேண்டுமா, கழிப்பறை எங்கே என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஓடியாடிப் பொறுக்குகிற வயதுப் பிள்ளைக்கு மேடையில் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். தெருவோடு நிற்பதானால் எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ட்சுல்பிஷர் தெருப் பக்கம் மட்டும் வேண்டாம். அது இளைஞர்கள் குடித்துக் கொண்டாடும் பகுதி. கார்னிவல் நாட்களில் கண்ணாடிப் பாட்டிலுக்கே அங்கே தடை போடுகிறார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

இனி ஞாயிறு. 'ஷுல் உன் ஃபேடல்ஸ்சோக்' என்று கொலோன்காரர்கள் சொல்கிறார்கள். பேட்டை ஊர்வலமாக 1933 முதல் நடந்துவருகிறது. இதுவும் அதே பழைய நகரத் தெருக்கள் வழியாகத்தான் போகிறது. ஆனால் நடப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், பெற்றோர், பேட்டை மன்றங்கள். மாளிகை உயர வண்டிகளுக்குப் பதிலாகக் கையால் இழுக்கிற மரவண்டிகள். உடையெல்லாம் அவர்களே செய்தது. ஒரு பள்ளி முழுக்கப் பல் துலக்கும் பிரஷ்ஷாக வரும், இன்னொன்று ஆக்டோபஸாக வரும். அட்டை, நுரைப்பஞ்சு, பழைய திரைச்சீலை எல்லாம் உடையாகியிருக்கும். மாதக்கணக்கில் மாலை வேளைகளில் உட்கார்ந்து வெட்டி ஒட்டியது என்பது பார்த்தாலே தெரியும். விலைகொடுத்து வாங்கிய எந்த அலங்காரத்தையும்விட எனக்கு இதுதான் அழகு.

ஞாயிறை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், அங்கே இனிப்பைக் கொடுப்பதே இன்னொரு பிள்ளை என்பதுதான். பையில் கைவிட்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடிக்கொண்டே வருகிற எட்டு வயதுச் சிறுமி, ஓரத்தில் நிற்கிற நான்கு வயதுப் பையனைப் பார்த்துவிட்டு நேராக அவன் கையில் வைத்துவிட்டுப் போவாள். பிள்ளைக்கு அது வானத்திலிருந்து விழுந்த பண்டம் இல்லை; ஒருவர் தன்னைப் பார்த்துக் கொடுத்தது. கூச்சப்பட்டு அம்மாவின் பின்னால் ஒளிகிற பிள்ளைகூடக் கொஞ்ச நேரத்தில் "கமெல்லெ!" (இனிப்பு!) என்று கூப்பிடத் தொடங்கிவிடும். வீட்டில் தமிழும் வெளியே ஜெர்மனும் பேசி வளர்கிற நம் பிள்ளைகள், இந்த ஊர் தங்களுடையதும்தான் என்று உணர்கிற இடங்களில் இது ஒன்று என்று உறுதியாக நம்புகிறேன். அதே வகுப்புத் தோழனோ, பக்கத்துத் தெருப் பள்ளியோ நடந்து வந்தால் அன்றைக்கு அவர்களைக் கையில் பிடிக்க முடியாது.

குறையும் உண்டு. இதுவும் நகர மையம்தான். ஆள் குறைவு என்று எண்ணி முன்னேற்பாடு இல்லாமல் கிளம்ப வேண்டாம். நேரமும் நீளும். பொட்டலங்கள் திங்கள் அளவுக்குக் கொட்டாது, குதிரைப்படையும் இளவரசனும் வரமாட்டார்கள். ஆனால் சிறப்பாகச் செய்த பேட்டைக் குழுக்களுக்குப் பரிசாகத் திங்கள் ஊர்வலத்திலும் நடக்க இடம் கிடைக்கும். அதனால் ஞாயிறன்று நீங்கள் கைதட்டிய குழுவை மறுநாள் தொலைக்காட்சியில் தேடலாம். எங்கள் வீட்டில் திங்களை அப்படித்தான் பார்ப்போம், சூடாக ஏதாவது குடித்துக்கொண்டு சோபாவில்.

செவ்வாய் ஊர்வலங்கள் கைக்குழந்தை, தள்ளுவண்டிக் குழந்தை உள்ளவர்களுக்கு. எரன்ஃபெல்ட், நிப்பெஸ், மியூல்ஹைம், ஸ்யூல்ட்ஸ் எனப் பல பேட்டைகளில் அன்று தனித்தனியாக ஊர்வலம் போகும். எரன்ஃபெல்ட் ஊர்வலம் பெரியது. வெளிப்பேட்டைகளில் சின்னதாக முடிந்துவிடும். வீட்டிலிருந்து நடந்தே போகலாம், குளிர்ந்தால் திரும்பிவிடலாம், கழிப்பறை சொந்த வீட்டில். கால்பந்துக் கழகம், தீயணைப்புப் படை, மூலைக் கடைக்காரர் என்று தெரிந்த முகங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அரை மணி நேரத்திலேயே பை நிறைந்துவிடும்.

அலுவலகங்கள் பலவற்றுக்குச் செவ்வாய் வேலைநாள் என்பதுதான் சிக்கல். பள்ளி விடுமுறையா என்பதையும் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சின்ன ஊர்வலம் நடக்கும் என்று நிச்சயமாக நம்பி இருக்க முடியாது. 2020இல் ஹெஸ்ஸன் மாநிலத்தின் ஃபோல்க்மார்சன் என்ற சிற்றூரில் ஒருவர் ஊர்வலக் கூட்டத்துக்குள் காரை ஓட்டினார்; காயம்பட்டவர்களில் பிள்ளைகள் பலர். இப்படிப்பட்ட தாக்குதல்களுக்குப் பிறகு தெருக்களை அடைப்பதற்கான விதிகளும் செலவும் ஏறிவிட்டன. அதைத் தாங்க முடியாமல் சில ஊர்கள் ஊர்வலத்தை நிறுத்தியிருக்கின்றன. ஆகவே அந்த வாரம் ஒருமுறை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இரவில் மதுக்கடை வாசலில் நுப்பெல் என்ற வைக்கோல் பொம்மையைப் போலி அழுகையோடு எரிப்பார்கள். பெரிய பிள்ளைகள் ரசிப்பார்கள், சின்னவர்கள் மிரண்டுபோகலாம்.

பக்கத்து நகரங்களைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: டியூசல்டோர்ஃப் ஊர்வலத்தின் பலம் ஜாக் டில்லி என்ற கலைஞர் செய்கிற அரசியல் பொம்மைகள். செய்தி படிக்கிற பதின்வயதுப் பிள்ளை இருந்தால் அங்கே போங்கள். சின்னவர்களுக்கு ஒன்றும் புரியாது. மைன்ட்ஸில் சனிக்கிழமையே பிள்ளைகளும் இளைஞர்களும் நடக்கும் முகமூடி ஊர்வலம் இருக்கிறது. அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நல்ல தேர்வு. இரண்டு ஊரிலும் "ஹெலாவ்" என்று கூவ வேண்டும், கொலோனில் "அலாஃப்". மாற்றிக் கூவினால் பிள்ளைகளை விட்டே திருத்துவார்கள். புயல் அறிவிப்பையும் பாருங்கள். 2016இல் புயலால் டியூசல்டோர்ஃப், மைன்ட்ஸ் ஊர்வலங்கள் திங்களன்று ரத்தாகின. கொலோனில் குதிரைகள் இல்லாமல் நடந்தது.

எந்த நாளைத் தேர்ந்தாலும் சில வேலைகள் பொது. வேஷம் கட்டாயம், ஏனென்றால் சாதாரண ஜாக்கெட்டில் நிற்கிற பிள்ளையைவிடத் தேனீயாக நிற்கிற பிள்ளைக்குத்தான் கை நீளும். தடித்த ஜாக்கெட்டுக்கு மேல் போடும்படி ஓர் அளவு பெரிதாக எடுங்கள். நிஜத் துப்பாக்கி மாதிரித் தெரிகிற பொம்மை வேண்டாம். முன்கையில் உங்கள் தொலைபேசி எண்ணை அழியாத மையில் எழுதிவிடுங்கள். வாத்தியக் குழுக்கள் மிக அருகில் போகும். குழந்தைக்குக் காது மூடி தேவை. மூன்று வயதுக்குக் கீழே என்றால் கெட்டி மிட்டாயைக் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

சைவ வீடுகளும் இஸ்லாமிய வீடுகளும் கவனிக்க வேண்டியது: ரப்பர் மாதிரி மெல்லுகிற பழ மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின், அதுவும் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது, இருக்கும். தெருவில் ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பிள்ளையை அழவைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து மேஜையில் கொட்டிப் பிரிக்கலாம், நம் சாக்லேட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பும் முன்பே பேசிவிட்டால் சண்டையே வராது.

கடைசியாக ஒரு வழி இருக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்ததும் அதுதான். பிள்ளையை ஓரத்தில் நிறுத்துவதற்குப் பதிலாக உள்ளே நடக்க விடுவது. உங்கள் பள்ளி ஞாயிறு ஊர்வலத்தில் கலந்துகொள்கிறதா என்று கேளுங்கள். பல பள்ளிகள் பேட்டை ஊர்வலங்களிலும் நடக்கின்றன. வீசுகிற இனிப்பைக் குழுவே காசு போட்டு வாங்கும். உடை தைக்கப் பெற்றோரின் மாலை நேரமும் வேண்டும். நடக்கிற தூரமும் கொஞ்சமில்லை, எனவே முதல் வகுப்புப் பிள்ளைக்குத் துணையாக நீங்களும் வேஷம் போட வேண்டிவரலாம். கூச்சப்படாமல் போடுங்கள். நவம்பர் 11இல் கார்னிவல் பருவம் தொடங்குகிறது. உடைக்கான வேலையும் அதையொட்டியே தொடங்கிவிடும் என்பதால், இலையுதிர் விடுமுறை முடிந்த வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம் பெயரைக் கொடுத்துவிடுவது நல்லது.