ஆக்ஸலாட்டில் காலில் சின்னக் காயம்: தனியே மாற்றுவதா, இருந்த தொட்டியிலேயே விடுவதா?

ஆக்ஸலாட்டில் என்பது தண்ணீரிலேயே வாழும் ஒரு சாலமாண்டர் இனம். முன்னங்காலில் இரண்டு விரல் போன ஆக்ஸலாட்டிலுக்கு என்ன செய்வது என்று கேட்டால் மூன்று பதில் வரும். தனி டப்பில் போட்டு தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றச் சொல்வார்கள். உப்புக் குளியலோ மருந்தோ கொடுக்கச் சொல்வார்கள். ஒன்றுமே செய்ய வேண்டாம், தானாக முளைத்துவிடும் என்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் இருக்கும் இரண்டில், தீனி போடும் நேரத்தில் பெரியது சின்னதின் காலைக் கவ்விவிட்டது. நான் சின்னதை இடம் மாற்றவில்லை. தொட்டியின் நடுவில் ஒரு தடுப்பு வைத்து, அங்கேயே விட்டுவிட்டேன். சென்னையில் ஆக்ஸலாட்டில் வளர்க்கும் யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் தண்ணீரின் சூடு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது உண்மையில் காயம்தானா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து. ஒரு காலில் மட்டும் விரல் குறைந்து, வெட்டுப்பட்ட மாதிரி முனை தெரிந்தால் அது கடி, அல்லது கூரான கல்லோ ஃபில்டர் வாயோ செய்த வேலை. நான்கு கால்களுமே சிவந்து வீங்கினாற்போல் இருந்தால் கடியைத் தேடாதீர்கள். அன்றே தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டை எடுத்து, கழிவால் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அது தண்ணீரால் வந்த எரிச்சல் என்றால், கீழே நான் சொல்லும் தேர்வு அப்படியே தலைகீழாகிவிடும். அந்த நிலையில் உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றுவதுதான் சரி.

இப்போது டப். இதற்கு ஆதரவான வாதம் வலுவானதுதான், மறுக்க மாட்டேன். கடிக்கிற துணை அருகில் இல்லை, தரை வெறுமையாக இருக்கும், சாப்பிட்டதா, கழிந்ததா என்று கண்ணுக்குத் தெரியும், காயத்தை அருகில் பார்க்கலாம். குளிர் நாடுகளில் இது நன்றாகவே நடக்கும். அங்கே குழாயைத் திறந்தாலே 15 டிகிரியில் தண்ணீர் வரும்.

நம்மூரில் மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் மே மாதத்தில் கையைச் சுடுகிறது. நிழலில் வைத்தாலும் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆக்ஸலாட்டிலுக்கு உகந்தது 16 முதல் 18 வரை. 20 வரை நிம்மதியாக இருக்கும். 24-ஐத் தாண்டினால் அதற்கு ஆபத்து. மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியில் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிற சோச்சிமில்கோ கால்வாய்களின் பிராணி அது. ஏசி அறையில் வைத்தால் போதாதா என்பார்கள். ஏசியை 24-ல் வைத்தால் தண்ணீரும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் நிற்கும், அதாவது விளிம்பில். மின்விசிறி வைத்து ஆவியாக விட்டால் சில டிகிரி இறங்கும். ஆனால் காற்றிலேயே இவ்வளவு ஈரம் இருக்கிற ஊரில் அதுவும் முழுசாகக் கிடைக்காது.

சூடு ஏறுவது காயத்துக்கு ஏன் இவ்வளவு கெடுதல் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, பிராணியின் உடலோ அதிகம் கேட்கும். காயத்தில் உட்காரும் பூஞ்சை வேகமாகப் பரவும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. டப்பில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேறிய ஃபில்டர் கிடையாது, எனவே கழிவிலிருந்து வரும் அம்மோனியா அடுத்த தண்ணீர் மாற்றும்வரை அங்கேயே நிற்கும். அந்த அம்மோனியாவில் எவ்வளவு பங்கு நச்சு வடிவில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது சூடும் பிஎச்சும்தான் (பிஎச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு). பிஎச் 8 இருக்கிற தண்ணீரில் 20 டிகிரியிலிருந்து 30-க்குப் போனால் அந்தப் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சென்னையில் பல வீட்டு போர் தண்ணீர் கடினமானது, பிஎச்சும் 8-ஐ ஒட்டியிருக்கும். காயத்தை ஆற்றுவதற்காகச் செய்யும் மாற்றமே தோலையும் செவுளையும் அரிக்கத் தொடங்கும்.

சரி, டப்பையும் குளிரவைத்துக்கொண்டே இருக்கலாமே என்றால், இருக்கலாம். அதன் வேலையைக் கணக்குப் பாருங்கள். 10 லிட்டர் டப் என்றால் தினமும் 10 லிட்டர் தண்ணீருக்கு ஆன்டி-குளோரின் சொட்டு போட்டு, முந்தின இரவே ஃபிரிட்ஜில் இடம் பிடித்து வைக்க வேண்டும். கேன் தண்ணீரை நேராக ஊற்றிவிடலாம் என்று தோன்றும். ஆர்ஓ தண்ணீர் இதற்கு மிகவும் மென்மை, தாது உப்புகள் வேண்டும். மாற்றுகிற தண்ணீரும் இருக்கிற தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்ச்சி. இடையில் ஐஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றினால் 17, மறந்தால் 26 என்று ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் நிலையான 21-ஐவிட மோசம் என்பது என் எண்ணம். வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இதை வாரக்கணக்கில் செய்வது மிகக் கடினம். விரல் முளைக்க வாரக்கணக்கில்தான் ஆகும், வளர்ந்த பிராணி என்றால் மாதக்கணக்கில்.

உப்புக் குளியலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தீனி வாங்கும்போது காயத்தைப் பற்றிச் சொன்னால், "கல்லுப்பு ஒரு கைப்பிடி போட்டு விடுங்கண்ணா, சரியாயிடும்" என்பார்கள். தங்கமீனுக்கு அது பழகிய வைத்தியம், அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆக்ஸலாட்டிலின் தோலும் செவுளும் மிக மெல்லியவை, உப்பை எப்போதும் தொட்டியில் விட்டுவைப்பது கூடாது. உப்புக் குளியல் பூஞ்சை வந்தால் மட்டும். லிட்டருக்கு 2 முதல் 3 டீஸ்பூன், அயோடின் கலக்காத உப்பு, குளிர்ந்த தண்ணீரில் தனிப் பாத்திரத்தில், 10 நிமிடம், 15-க்கு மேல் வேண்டவே வேண்டாம். பூஞ்சை இல்லாத சுத்தமான காயத்துக்கு இது எரிச்சல் மட்டுமே தரும்.

பூஞ்சையா இல்லையா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கடித்த இடத்தைச் சுற்றியுள்ள தோல் செல்கள் ஒரு நாளுக்குள் நகர்ந்து வந்து காயத்தை மூடிவிடும். பிறகு அங்கே வெளிறிய, லேசாக ஒளி ஊடுருவுகிற ஒரு மொட்டு எழும். பிளாஸ்டீமா என்பது அதுதான். எலும்பு, தசை எல்லாம் தழும்பே இல்லாமல் அதிலிருந்து உருவாகும். அது வழவழப்பாக இருக்கும். பூஞ்சையோ பஞ்சு இழை போலக் குச்சம் குச்சமாக வெளியே நீட்டி, தண்ணீர் அசைந்தால் தானும் அசையும். வழவழப்பான மொட்டைப் பூஞ்சை என்று நினைத்து உப்பில் முக்குவது, முளைத்துவருவதை நாமே புண்ணாக்குவது.

மீன்களின் பூஞ்சைக்குப் போடும் மெத்திலின் ப்ளூவை நான் பயன்படுத்தியதில்லை. தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவையும் அது பாதிக்கும் என்பதால், தேவைப்பட்டால் தனிப் பாத்திரத்தில் மட்டும். தாமிரம் கலந்த மீன் மருந்துகளையும் மலக்கைட் கிரீனையும் கிட்டேயே சேர்க்காதீர்கள். மிதமாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், பழுத்து உதிர்ந்து நன்றாகக் காய்ந்த வாதாம் இலை ஒன்றைக் கழுவிப் போடலாம். அதிலிருக்கும் டானின் பூஞ்சையை லேசாகத் தடுக்கும். சாலையோரத்துப் புகை படிந்த மரத்திலிருந்து வேண்டாம், பூச்சிமருந்து அடிக்காத வீட்டுத் தோட்டத்து மரம் என்றால் நல்லது.

ஆக, இருந்த தொட்டி. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் 18-ல் நிற்கிறது, பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது, அம்மோனியா பூஜ்யம். சின்னதுக்கு வேண்டிய எல்லாமே அங்கே ஏற்கெனவே இருந்தன. தண்ணீர் ஊடுருவுகிற ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பு ஒன்று, அடியில் விரல் நுழையாதபடி இறுக்கமாக. கல், கூரான அலங்காரம் எல்லாம் வெளியே. வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக. தீனிக்கு நறுக்கிய மண்புழு, மிச்சத்தை உடனே எடுத்துவிடுவது. மொட்டு எழுந்து, தட்டையாகி, பிறகு விரல்களாகப் பிரிந்ததை மருந்தே இல்லாமல் பார்த்தேன். சில்லருக்கான கரண்ட் செலவு உறுத்துகிறதுதான். ஆனால் காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடத்தான் வேண்டும், காயத்துக்கென்று கூடுதலாக ஆனது தடுப்பின் விலை மட்டும்.

சில்லர் இல்லாதவர்கள் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. அப்போது டப்தான், ஆனால் வெறும் டப்பாக வேண்டாம். மீன் வரும் தெர்மாகோல் பெட்டிக்குள் டப்பை வைத்து, சுற்றிலும் ஐஸ் பாட்டில் அடுக்கினால் குளிர்ச்சி நெடுநேரம் நிற்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 5 முதல் 8 டிகிரியில் வைப்பதும் பழைய முறை. பூஞ்சை மந்தமாகும், கூடவே விரல் முளைப்பதும் மந்தமாகும். நான் அதைச் செய்து பார்த்ததில்லை, எனவே பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவும் விரல், பாதம் அளவிலான காயங்களுக்கு. சிவப்பு காலில் மேலே ஏறினாலும், வீங்கினாலும், தீனியைத் தொடாமல் செவுளை முன்னே வளைத்துக்கொண்டு படுத்தாலும், வீட்டில் வைத்திருக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, இத்தகைய பிராணிகளைப் பார்க்கிற மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டு, அதே தெர்மாகோல் பெட்டியில், காலை வெயில் ஏறுமுன்.

விரல்கள் முழுதாக வந்த பிறகும் எங்கள் தொட்டியில் தடுப்பை எடுக்கவில்லை. சின்னது பெரியதின் நீளத்தை எட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதுவரை தீனியும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்தான் விழுகிறது.