பாங்காக்கில் ‘ம்ம்ம்’, சேலத்தில் ஒரு கிளிக்

ஐஇடிஎஃப் 122-வது கூட்டம், 2025 மார்ச், பாங்காக். நான் உட்கார்ந்தது சேலத்தில், எங்கள் வீட்டு மாடியறையில். இணையத்தின் நெறிமுறைகளை எழுதுகிற இடம் ஐஇடிஎஃப். வீட்டிலிருந்து கலந்துகொள்ளவும் கட்டணம் உண்டு. கட்ட வசதியில்லை என்றால் தள்ளுபடி தருகிறார்கள், சம்பளச் சீட்டெல்லாம் கேட்பதில்லை. பாங்காக் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் முன்னால், அதனால் தூக்கமும் கெடவில்லை.

போட்டிக் கம்பெனி ஒன்றை மனதில் வைத்து, “அந்தக் கம்பெனிக்காரன் நெறிமுறை டிராஃப்ட் வந்தா எதிர்த்துப் பேசிடு” என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் நாளே தெரிந்துபோனது, அந்தப் பருப்பு இங்கே வேகாது. கம்பெனிகளுக்கு உறுப்பினர் பதவியே கிடையாது. வருகிறவர் எல்லாரும் தனி ஆள். ஓட்டும் கிடையாது. குழுத் தலைவர் கேள்வியைப் போடுவார், அரங்கில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்பார்கள். எந்தப் பக்கம் சத்தம் கனக்கிறது என்று பார்ப்பது வழக்கம். வீட்டில் இருப்பவனுக்குத் திரையில் கைதூக்கும் பொத்தான்.

அந்தச் சத்தமும் தீர்ப்பில்லை. ஐஇடிஎஃப் எண் போட்டு வெளியிடும் ஆவணத்துக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7282-இல் ஒரு பகுதியின் தலைப்பே இப்படி: ஐந்து பேர் ஆதரவு, நூறு பேர் எதிர்ப்பு என்றாலும் உடன்பாடாக இருக்கலாம். ஆட்சேபத்துக்குத் தொழில்நுட்பப் பதில் கிடைத்துவிட்டதா என்பதுதான் கணக்கு. நம்மூர் சங்கத் தேர்தல் மாதிரி வேன் பிடித்து ஆள் இறக்கிப் பயனில்லை.

இணையத்தில் தரவை வேகமாகக் கொண்டுசேர்க்கும் குயிக் நெறிமுறையையே பாருங்கள். கூகுள் வீட்டுப் பிள்ளை. 2016-இல் இங்கே அதற்கென்று குழு அமைத்தார்கள். 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 ஆக வெளிவந்தபோது, கூகுள் செய்து வைத்திருந்த குறியாக்கம் போய், ஐஇடிஎஃப்பின் பொதுக் குறியாக்க முறையான டிஎல்எஸ் 1.3 உட்கார்ந்திருந்தது. ஆவணத்தின் முகப்பில் தொகுப்பாளர்களாக இருப்பவர்கள் ஃபாஸ்ட்லி, மொஸில்லா என்ற வேறு நிறுவனங்களின் ஆட்கள்.

அமர்வு தொடங்கும்போது, விதிகளை நினைவூட்டும் ‘நோட் வெல்’ ஸ்லைடு வரும். நீ முன்வைக்கும் விஷயத்தில் உனக்கோ உன் கம்பெனிக்கோ காப்புரிமை இருப்பது தெரிந்தால் சொல்லிவிடு என்பது அதில் முக்கியம். விலை, லாபம் பற்றிய பேச்சையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது ஏன் என்றால், காபி இடைவேளையில் நடக்கும் பேச்சு மாடியறைக்கு எட்டாது. வருஷத்துக்கு மூன்று கூட்டம், ஒவ்வொன்றுக்கும் ஆளை விமானம் ஏற்றிவிடப் பெரிய கம்பெனிகளால்தான் முடியும். தலைவருக்கும் சம்பளம் பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனியிலிருந்துதான் வருகிறது. போட்டி வாசலிலேயே நின்றுவிடுவதில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறது. அந்த மட்டும் பரவாயில்லை.

மூன்றாம் நாள் சாட்டில் ஒரு சந்தேகம் கேட்டேன். பாக்கெட் கேப்சர் (வலையில் ஓடிய தரவின் பதிவு) சகிதம் பொறுமையாக விளக்கியவர், மேனேஜர் எதிர்க்கச் சொன்ன அதே கம்பெனிக்காரர். ஆபீஸுக்கு எழுதிய ரிப்போர்ட்டில் விளக்கத்தைப் போட்டேன், ஆளைப் போடவில்லை.