நாளைக்கு ஸ்கூல் உண்டா, இல்லையா? ஸ்னோ டே கால்குலேட்டரை எவ்வளவு நம்பலாம்

தமிழ்நாட்டில் மழை லீவு விடுவது கலெக்டர். அவர் சொல்லிவிட்டால் மாவட்டம் முழுக்க லீவு, டி.வி.யில் ஓடும் ஒரு வரி போதும். அமெரிக்காவில் இந்த முடிவை ஒவ்வொரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்டும் தனித்தனியாக எடுக்கிறார். நியூ ஜெர்சி மாதிரி மாநிலங்களில் ஊருக்கு ஊர் டிஸ்ட்ரிக்ட் மாறும். அதனால் அதே பனி பெய்தும் ஒரு ஊரில் லீவு, பக்கத்து ஊரில் இரண்டு மணி நேரத் தாமதம், அதற்கடுத்த ஊரில் வழக்கம்போல் பள்ளி. அறிவிப்பு பல நேரம் விடியற்காலை 5 மணியை ஒட்டித்தான் வரும். வேலைக்குப் போகும் பெற்றோர் அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட முடியாது.

பனிக்காக விடும் லீவுக்கு ‘ஸ்னோ டே’ என்று பெயர். நாளைக்கு அது வருமா என்று முன்கூட்டியே கணிக்க வந்ததுதான் ஸ்னோ டே கால்குலேட்டர் இணையதளம். 2007-இல், நியூ ஜெர்சியில் நடுநிலைப் பள்ளி மாணவராக இருந்த டேவிட் சுகின் இதை உருவாக்கினார். பைஜாமாவைத் திருப்பிப் போட்டுத் தூங்குவது, தலையணைக்கடியில் கரண்டி வைப்பது, கழிப்பறையில் ஐஸ் கட்டி போட்டுத் தண்ணீர் விடுவது என்று ஸ்னோ டே வேண்டிப் பிள்ளைகள் செய்யும் சடங்குகளோடு, இரவு இந்தத் தளத்தைத் திறந்து பார்ப்பதும் சேர்ந்துவிட்டது. தளம் இலவசம், விளம்பரங்கள் உண்டு.

கேட்பது மூன்றே விவரம்: ஜிப் கோடு (நம்மூர் பின்கோடு மாதிரி), இந்த வருடம் இதுவரை விட்ட ஸ்னோ டேக்களின் எண்ணிக்கை, பள்ளியின் வகை. அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவையின் முன்னறிவிப்போடு இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு, லீவுக்கான வாய்ப்பைச் சதவீதமாகக் காட்டுகிறது. பலரும் ஜிப் கோடை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் ஏனோதானோவென்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு கெடுகிறது.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், பல மாநிலங்களில் வருடத்துக்கு 180 பள்ளி நாள் கட்டாயம். கால அட்டவணையிலேயே சில ஸ்னோ டேக்களை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அவை தீர்ந்துவிட்டால் அடுத்த லீவை ஜூன் மாதத்திலோ வசந்தகால விடுமுறையிலோ ஈடுகட்ட வேண்டும். டிசம்பரில் தயங்காமல் லீவு விட்ட அதே சூப்பரின்டென்டென்ட் பிப்ரவரிக் கடைசியில் கை இறுக்குவதற்கு இதுதான் காரணம். முழு நாள் லீவை மட்டும் எண்ணிப் போடுங்கள். தாமதமாகத் திறந்த நாள் இதில் சேராது. வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் நடந்த நாளும் பல இடங்களில் பள்ளி நாளாகவே கணக்காவதால், அதையும் சேர்க்க வேண்டாம்.

பள்ளி வகையிலும் அதே கவனம் வேண்டும். கிராமப்புறப் பள்ளி என்றால் பஸ்கள் பனி அகற்றப்படாத பக்கச் சாலைகளிலும் மேட்டிலும் நெடுந்தூரம் ஓட வேண்டும். ஒரு பஸ் பள்ளத்தில் சறுக்கக்கூடும் என்றாலே பள்ளியை மூடிவிடுவார்கள். நகரப் பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்தே வருவார்கள், பெரிய சாலைகளும் சீக்கிரம் சுத்தமாகிவிடும். விடுதிப் பள்ளியிலோ மாணவர்கள் வளாகத்திலேயே இருப்பதால் மூடுவதே அபூர்வம். புறநகரில் இருந்துகொண்டு ‘கிராமப்புறம்’ என்று போட்டால் எண் வீணாக ஏறும், பிள்ளையும் வீட்டுப்பாடத்தை ஒத்திப்போட்டுவிடும்.

வரும் எண்ணைப் படிக்கும் விதம் தளத்திலேயே இருக்கிறது. 55 சதவீதத்துக்குக் கீழே என்றால் பெரிதாக எதுவும் நடக்காது. 55 முதல் 75 வரை தாமதமாகத் திறக்கலாம். 75 முதல் 87 வரை லீவுக்கு வாய்ப்பு உண்டு. 87-க்கு மேல் போனால்தான் லீவை எதிர்பார்க்கலாம். பரீட்சையில் 60 வாங்கினால் பாஸ் என்ற பழக்கத்தில் 60-ஐப் பார்த்ததும் துள்ளும் பிள்ளைகளுக்கு இதை முதலில் விளக்கிவிட வேண்டும்: 60 என்றால் பள்ளி உண்டு, கொஞ்சம் பிந்திப் போகலாம், அவ்வளவுதான்.

எப்போது பார்ப்பது? வானிலைச் சேவையின் உள்ளூர் அலுவலகங்கள் முக்கிய முன்னறிவிப்பைப் பொதுவாக மாலை 4 மணி, விடியற்காலை 4 மணி வாக்கில் புதுப்பிக்கும். மதியம் வகுப்பில் பார்த்த எண் பழைய முன்னறிவிப்பின் எண். மாலை 5-க்கு மேல் ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை பார்த்தால் போதும். அரை மணிக்கொரு முறை பார்ப்பதால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

எண்ணோடு கூடவே பார்க்க வேண்டியது பனி விழும் நேரம். இரவு 8 மணிக்குள் 6 அங்குலம் விழுந்து ஓய்ந்தால், விடியும்வரை பனியைத் தள்ளி அகற்றி உப்புப் போட லாரிகளுக்கு நேரம் கிடைக்கும், பள்ளி திறக்கலாம். விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கும் 3 அங்குலம் பஸ் புறப்படும் நேரத்தில் சாலையை மூடிக்கிடக்கும், லீவு வரலாம். வெப்பநிலையும் சேரும். சாலையில் போடும் சாதாரண உப்பு சுமார் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. 28 டிகிரியில் விழும் 4 அங்குலத்தையும் 8 டிகிரியில் விழும் 4 அங்குலத்தையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. வானிலைச் சேவையின் குளிர்காலப் பக்கத்தில் ‘எதிர்பார்க்கும் அளவு’, ‘குறைந்தபட்சம்’, ‘அதிகபட்சம்’ என்று மூன்று வரைபடம் இருக்கும். குறைந்தபட்ச வரைபடமே 5, 6 அங்குலம் காட்டினால், கால்குலேட்டரின் எண்ணைத் தாராளமாக நம்பலாம். மூன்றும் வெகுதூரம் விலகி நின்றால், எண் 90 ஆனாலும் சந்தேகத்தோடு பாருங்கள்.

இனி இது சறுக்கும் இடங்கள். கடுங்குளிர் நாளில் ஒரு துளி பனி விழாமலே பள்ளி மூடும். 2014 ஜனவரி 6 அன்று மினசோட்டா ஆளுநர் மார்க் டேட்டன் மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடியது குளிருக்காக. வெப்பநிலை 0 டிகிரி ஃபாரன்ஹீட், காற்று மணிக்கு 15 மைல் என்றால் உடலுக்கு அது மைனஸ் 19 மாதிரி. அந்த நிலையில் மூடாத தோல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கும். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைக்கு இதுதான் ஆபத்து. இத்தகைய நாளுக்குக் கால்குலேட்டரை விட்டுவிட்டு, உங்கள் டிஸ்ட்ரிக்ட் எந்த அளவு விண்ட் சில்லில் (காற்றோடு சேர்ந்து உடல் உணரும் குளிர்) மூடும் என்று அதன் கையேட்டில் பாருங்கள். அந்த அளவு டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும்.

அடுத்தது உறைமழை. மழையாக விழுந்து சாலையில் பட்டதும் கண்ணாடி மாதிரி உறையும் இது கால் அங்குலம் சேர்ந்தாலே மரக்கிளையும் மின்கம்பியும் முறியும். வெப்பநிலை 31 டிகிரியா 33 டிகிரியா (தண்ணீர் உறைவது 32 டிகிரி ஃபாரன்ஹீட்டில்) என்பதில் எல்லாம் தலைகீழாக மாறுவதால் முன்னறிவிப்பே தடுமாறும், கால்குலேட்டரும் கூடவே தடுமாறும். உறைமழை எச்சரிக்கை இருந்தால், எண் சொல்வதைவிடக் கூடுதலாகவே எதிர்பார்த்து ஏற்பாடு செய்து வையுங்கள்.

மிதமான தட்பவெப்பமுள்ள ஊர்களில் இந்த எண்ணுக்கு அர்த்தமே வேறு. பனி அதிகம் பெய்யும் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோவில் 3 அங்குலம் என்பது வழக்கமான ஒரு நாள். தெற்கே ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் 2014 ஜனவரி 28 அன்று விழுந்தது இரண்டரை அங்குலம் அளவுதான். நண்பகல் வாக்கில் பள்ளியும் அலுவலகமும் ஒரே நேரத்தில் விட, எல்லாரும் சாலைக்கு வர, உப்புப் போடாத சாலை உறைந்து வண்டிகள் நின்றுபோயின. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இரவைப் பள்ளியிலேயே கழித்தார்கள், சிலர் பஸ்ஸிலேயே. அந்த அனுபவத்துக்குப் பிறகு தெற்கே பல டிஸ்ட்ரிக்டுகள் முன்னறிவிப்பைப் பார்த்தே முந்தின நாள் மூடிவிடுகின்றன. ‘உங்களுக்கு இத்தனூண்டு பனிக்கு லீவா’ என்று மிச்சிகன் மாணவர் ஜார்ஜியா மாணவரைக் கேட்பது நியாயமில்லை. லாரியும் உப்புக் கிடங்கும் பனி டயரும் இல்லாத ஊரில் இரண்டு அங்குலம் உண்மையிலேயே ஆபத்து.

சாலைப் பனியைத் தவிர வேறு காரணங்களுக்காகவும் பள்ளி மூடும், அதையும் கால்குலேட்டர் கணிக்காது. 2021 பிப்ரவரியில் டெக்சஸில் பள்ளிகள் நாள்கணக்கில் மூடிக்கிடந்தபோது, சாலைப் பனியைவிட மின்வெட்டும் வெடித்த தண்ணீர்க் குழாய்களும்தான் பெரிய காரணம். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றி 2018 நவம்பர் 16 அன்று பள்ளிகள் மூடியது காட்டுத்தீப் புகையால். அங்கே காற்றுத் தரக் குறியீட்டைப் பார்ப்பதே வழி.

இன்னொரு மாற்றத்தையும் இந்த எண் காட்டாது. நியூயார்க் நகரம் 2024 பிப்ரவரி 13 அன்று பள்ளிக் கட்டடங்களை மூடிவிட்டு ஆன்லைனில் வகுப்பு நடத்தியது. காலையில் ஆன்லைன் வகுப்பில் லாகின் செய்ய முடியாமல் பலர் தவித்தார்கள். உங்கள் டிஸ்ட்ரிக்டும் அப்படிச் செய்யக்கூடியது என்றால், 95 சதவீதம் என்பதற்கு ‘லேப்டாப்பைச் சார்ஜில் போடு’ என்று அர்த்தம். கடவுச்சொல்லை முந்தின இரவே ஒருமுறை போட்டுச் சோதித்து வையுங்கள்.

மொத்தத்தில் இந்தத் தளத்துக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தரலாம். வடகிழக்கிலும் பெரிய ஏரிகளைச் சுற்றியும், சாதாரணப் பனிப்புயலுக்கு, முந்தின மாலையே பிள்ளைப் பராமரிப்புக்கும் அலுவலகத்துக்கும் சொல்லிவைக்க இது நன்றாகவே உதவுகிறது. தெற்கிலும், குளிருக்கும், உறைமழைக்கும் ஒன்றரைக்கு மேல் தர முடியாது. டிஸ்ட்ரிக்டின் குறுஞ்செய்தி அறிவிப்பில் இரண்டு பெற்றோரின் போன் எண்ணும் இருக்கிறதா என்று நவம்பரிலேயே பார்த்துவிடுங்கள். போன் மாற்றியபோது பழைய எண் அப்படியே நின்றுபோயிருக்கும்.