மணிலாவில் புது உணவகத் திறப்பு விருந்துக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா?

மெட்ரோ மணிலாவில் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஏதாவது புது உணவகத்தின் திறப்பு விருந்துக்கோ சாப்பாட்டுத் திருவிழாவுக்கோ டிக்கெட் வாங்கும் எண்ணம் இருந்தால், பணம் அனுப்பும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். நாங்கள் நான்கு பேருக்கு 6,400 பெசோ கட்டினோம். பெசோவுக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்தாலும் பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அன்று என் அம்மாவுக்கு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா கும்பகோணத்திலிருந்து இரண்டு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். வயது 68. முட்டைகூடத் தொடாதவர். மக்காத்தியில் எங்கள் வீட்டைச் சுற்றி எத்தனையோ கடைகள், ஆனால் அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிம்மதியாக உட்கார ஒரு இடம் கிடையாது. காய்கறி கேட்டால் கொண்டுவருவார்கள், அதில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். இங்கே சமையலே அப்படி. பினாக்பெட் என்று ஒன்று உண்டு. பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணி எல்லாம் போட்டது, பார்த்தால் நம் வீட்டுக் கூட்டு போலவே இருக்கும். அதற்கு உப்பும் ருசியும் கொடுப்பது பாகோங் என்கிற நொதித்த இறால் அல்லது மீன் விழுது. ஆறு வருடமாக இங்கே இருப்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொண்டேன் என்பதால்தான் இந்தப் பதிவு.

கமாயான் விருந்து பற்றி அம்மா ஒரு நாள் போனில் பார்த்தார். கமாய் என்றால் இந்த ஊர் மொழியான தகாலோக்கில் கை. நீள மேசை முழுக்க வாழை இலை விரித்து, நடுவில் சோற்றைக் கொட்டி, அதன் மேலும் பக்கத்திலும் சுட்ட மீன், கறி, உப்பு முட்டை, தக்காளி, மாங்காய் எல்லாம் அடுக்கி, எல்லாரும் சுற்றி நின்று கையால் சாப்பிடுவார்கள். "இந்த ஊர்லயும் இலையில போட்டுக் கையாலதான் சாப்பிடுவாங்களாடா?" என்று அம்மா ஆசையாகக் கேட்டார். அந்த வாரமே என் ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்தது. பாசிக் பக்கம் புதிதாகத் திறக்கும் ஒரு உணவகம், முதல் நாள் இரவு கமாயான் விருந்து, ஆளுக்கு 1,600 பெசோ, 'ஆல் இன்' (எல்லாம் சேர்த்து), சைவர்களுக்குத் தனி இலை.

மூன்று தடவை மெசேஜ் அனுப்பிக் கேட்டேன். மீன், இறால், பாகோங், பாத்திஸ் என்கிற மீன் சாறு, ஆய்ஸ்டர் சாஸ், எதுவும் இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதினேன். மூன்று தடவையும் ஒரே பதில்: "யெஸ் போ, 100 பர்சென்ட் வெஜிடேரியன்." ('போ' என்பது இங்கே மரியாதைக்குச் சேர்க்கும் சொல்.)

சரி என்று பணம் கட்டப் போனேன். அனுப்பிய கியூஆர் படத்தை ஸ்கேன் செய்ததும் உணவகத்தின் பெயர் வரவில்லை. ஒரு தனி ஆளின் பெயர், பாதி எழுத்து மறைத்தபடி வந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். "கடை புதுசு, வியாபாரக் கணக்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம், அதுவரை எங்கள் மேலாளர் கணக்கு" என்றார்கள். குறைந்த விலை அன்று இரவு 12 மணி வரைதான் என்றும் சொன்னார்கள். அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அன்று காலையில்தான் பாதிரியார் வந்து புனித நீர் தெளித்துக் கடையை ஆசீர்வதிக்கும் படங்களைப் போட்டிருந்தார்கள். இங்கே புதுக் கடைக்கு அது வழக்கம். அதைப் பார்த்து நம்பி அனுப்பிவிட்டேன்.

விருந்து மாலை 6:30-க்கு. வெள்ளிக்கிழமை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் வண்டியில் இருந்து போய்ச் சேர்ந்தால் வாசலில் தெருமுனை வரை வரிசை. உள்ளே நெருக்கிப் போட்டாலும் எண்பது பேருக்குத்தான் இடம். எங்கள் டிக்கெட்டில் இருந்த எண் 212. வாசலில் நின்ற பெண் எங்கள் பெயரைச் சரிபார்த்துவிட்டு, சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், 640 பெசோ ரொக்கமாகக் கொடுங்கள் என்றார். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். 'ஆல் இன்' என்பது சாப்பாட்டுக்கு மட்டும் என்றார். அம்மா அதற்குள் ஒரு மணி நேரம் நின்றிருந்தார். கொடுத்துவிட்டேன். பில் கேட்டதற்குப் பேனாவால் தொகை எழுதிய ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. அதில் கடையின் வரிப் பதிவு எண் இல்லை, வரிசை எண் இல்லை, ஒன்றும் இல்லை.

இந்த சர்வீஸ் சார்ஜ் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வசூலிக்கும் தொகை முழுவதும் ஊழியர்களுக்குத்தான் போகவேண்டும், நிர்வாகம் அதில் பங்கு எடுக்கக் கூடாது என்று 2019-ல் இங்கே சட்டம் வந்தது. எங்கள் மேசையில் பரிமாறிய பையனுக்கு இருபது வயது இருக்கலாம். சர்வீஸ் சார்ஜ் உங்களுக்கு வருமா தம்பி என்று கேட்டேன். தன்னையும் இன்னும் சிலரையும் அந்த ஒரு இரவுக்கு மட்டும் தினக்கூலிக்கு அழைத்திருக்கிறார்கள், அப்படி ஒரு பணம் வாங்குவதே தனக்குத் தெரியாது என்றான். வருகிறவர்கள் எல்லாரும் அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து இப்படிப்பட்ட இடங்களில் பரிமாறுகிற பிள்ளைகள் மேல் கோபத்தைக் காட்டாதீர்கள்.

உட்கார்ந்தபோது மணி 8:40. அசைவ மேசைகளில் சொன்னதில் பாதி தீர்ந்திருந்தது. தனி இலை என்று சொன்னது, பொது மேசையின் ஓரத்தில் இரண்டடி நீளத்துக்கு விரித்த ஒரு துண்டு இலை. அடுத்த இலையிலிருந்து மீன் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. சோறு, சுட்ட கத்தரிக்காய், லாயிங், அவ்வளவுதான். லாயிங் என்பது பிக்கோல் பகுதிச் சமையல். காய்ந்த சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் மிளகாயோடு சுண்டும்வரை வேகவைப்பார்கள். அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நம்ம கீரைக் கூட்டு மாதிரியே இருக்குடா" என்று சோற்றில் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குக் கை பாதியில் நின்றது. "டேய், இதுல கருவாட்டு வாசனை வருதே."

நான் எடுத்து வாயில் வைத்தேன். பாகோங்.

சமையல்காரரை வெளியே அழைத்துக் கேட்டேன். நல்ல மனிதர். அவர் மறைக்கவில்லை. பாகோங் போடாமல் லாயிங் எப்படி என்று அவரே திருப்பிக் கேட்டார். சைவ விருந்தாளிகள் வருவதாக யாரும் சமையலறைக்குச் சொல்லவே இல்லை. விஷயம் புரிந்ததும் அம்மாவின் பக்கம் குனிந்து "பசென்ஷா நா போ" என்று இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். அம்மா எழுந்து போய்க் கை கழுவி, வாய் கொப்பளித்து, வாசலில் போய் நின்றார். வீடு வரும்வரை பேசவில்லை. மறுநாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்றார்.

எங்களுக்கு இது மனவேதனையோடு போயிற்று. இதே 'யெஸ் போ'வை இறால் ஒவ்வாமை உள்ள ஒருவர் நம்பியிருந்தால் அன்று இரவு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியிருக்கும். டிக்கெட் விற்கிறவருக்குச் சமையலறையில் என்ன கொதிக்கிறது என்று தெரியாது. அதனால் சைவமோ ஒவ்வாமையோ, சமைக்கிறவரிடம் நேரில் கேளுங்கள். 'வெஜிடேரியன்' என்ற சொல்லை இங்கே நிறையப் பேர் இறைச்சித் துண்டு இல்லாதது என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். பாகோங், பாத்திஸ், ஆய்ஸ்டர் சாஸ் என்று பெயர் சொல்லிக் கேட்டால் சமையல்காரர்கள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை இனி. உணவக மேலாளர், "நாங்கள் அன்று இடத்தையும் சமையலையும் கொடுத்தோம், டிக்கெட் விற்றது நிகழ்ச்சி அமைப்பாளர், அவரிடம் கேளுங்கள்" என்றார். உணவகம் வேறு, அமைப்பாளர் வேறு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அமைப்பாளருக்கு எழுதினால், உணவில் குறை என்றால் உணவகத்தைக் கேளுங்கள், டிக்கெட்டுக்குப் பணம் திருப்புவதில்லை என்று பதில். நான்கு நாள் விடாமல் எழுதியதும், 30 நாளில் காலாவதியாகும் ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். பணம் கொடுத்து வாங்கும் கிஃப்ட் செக்குக்குக் காலாவதித் தேதி போடக் கூடாது என்று இங்கே 2017-ல் சட்டம் இருக்கிறது. விளம்பரத்துக்காகச் சும்மா கொடுக்கும் கூப்பனுக்கு அது பொருந்தாது. நாங்கள் காசு கட்டியவர்கள் என்று எழுதினேன். அன்று மாலையே என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஃபேஸ்புக் பக்கத்தின் 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' பகுதியைத் திறந்து பார்த்தேன். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது எல்லாம் அங்கே தெரியும். விருந்துக்கு ஐந்து வாரம் முன்புவரை அது போன் உறை விற்கிற பக்கம். பணம் அனுப்பும் முன் அரை நிமிடம் செலவழித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

புகார் செய்யும் வழி இங்கே இருக்கிறது, தாமதம் செய்யாதீர்கள். நான் தாமதித்தேன். எல்லாரும் டிடிஐ என்று சொல்லும் வணிகத் தொழில் துறைக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம், உதவி எண் 1384. முதலில் இரண்டு தரப்பையும் வைத்துச் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் விசாரணைக்குப் போகும். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் நீங்கள்தான் கொடுக்கவேண்டும். உணவகத்துக்கு முகவரி இருந்தது, வந்தார்கள். அம்மாவின் டிக்கெட் 1,600, வாசலில் வாங்கிய 640, இரண்டையும் திருப்பித் தந்தார்கள். அமைப்பாளருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு போன் எண்ணும் பாதி மறைந்த பெயரும்தான் இருந்தது.

இணைய மோசடிக்கு 1326 என்ற எண் இருக்கிறது. 2024-ல் வந்த நிதிக்கணக்கு மோசடித் தடுப்புச் சட்டப்படி, தகராறில் உள்ள பணத்தை 30 நாள் வரை நிறுத்திவைக்க வங்கிகளுக்கும், போனில் பணம் அனுப்பும் செயலிகளை நடத்தும் வாலட் நிறுவனங்களுக்கும் அதிகாரம் உண்டு. பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால்தானே நிறுத்த முடியும்? நான் அமைப்பாளரோடு மல்லுக்கட்டிவிட்டு ஆறாவது நாள்தான் கூப்பிட்டேன். கணக்கு காலி. சந்தேகம் வந்த அன்று இரவே வாலட் செயலியில் புகார் பதிந்து, 1326-ஐயும் அழையுங்கள். பேசிப் பார்ப்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

கியூஆரை ஸ்கேன் செய்யும்போது கடையின் பெயர் வரவில்லை என்றால், என்ன காரணம் சொன்னாலும் அனுப்பாதீர்கள். முடிந்தால் முன்பே ஒரு நடை கடைக்குப் போய்வாருங்கள். நகராட்சி வணிக உரிமம், வரிப் பதிவுச் சான்று, சுகாதார உரிமம் மூன்றும் கல்லாப் பக்கம் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கவேண்டும். அங்கே இருக்கிற பெயரும் டிக்கெட்டில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால், சாப்பாட்டுக்கும் பணத்துக்கும் யார் பொறுப்பு என்று இரண்டு பேரிடமும் எழுதி வாங்குங்கள்.

இந்த ஊரின் சாப்பாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷ்லின் கையேடு மணிலாவுக்கும் செபுவுக்கும் முதல் பட்டியல் வெளியிட்டது 2025 அக்டோபரில். அந்தப் பெருமை இவர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்கவேண்டும் என்று நினைப்பவன் நான். சனிக்கிழமை காலை சால்செடோ சந்தை, ஞாயிற்றுக்கிழமை லெகாஸ்பி சந்தை, இரண்டும் மக்காத்தியில்தான். நுழைவுக்கட்டணம் கிடையாது. கண்ணால் பார்த்து, செய்தவரிடமே கேட்டு, கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கலாம். எங்கள் மாடியில் இருக்கும் பிக்கோல்காரம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு புதுப் பாத்திரம் வாங்கி, வெறும் உப்பும் இஞ்சியும் மிளகாயும் தேங்காய்ப்பாலும் போட்டு, எங்கள் அடுப்பிலேயே அம்மாவின் கண் முன்னால் லாயிங் செய்து கொடுத்தார். அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்னும் 4,800 பெசோ வரவேண்டும். இதற்கிடையில் அதே போன் எண், போன வாரம் வேறொரு பக்கத்தில், உபே (ஊதாக் கிழங்கு) இனிப்புத் திருவிழா என்ற பெயரில் ஆளுக்கு 900 பெசோவுக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது. புகார் நடப்பதால் எண்ணைப் பொதுவில் போட முடியவில்லை. அப்படி ஒரு டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பியவர்களோ அனுப்பப் போகிறவர்களோ இருந்தால், எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒன்றா இல்லையா என்று பார்த்து அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.